கிழிந்த ஸ்பீக்கர், தொலைந்த பேஸ்

காரில் ஸ்பீக்கர் கிழிந்தால் பெரும்பாலோர் கடைக்குப் போய், பழையதைவிடப் பெரிய வாட் எண் அச்சடித்த ஒரு ஜோடியை வாங்கி, நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைவாசல்களில் நாள் முழுக்க இந்த வேலை நடப்பதைப் பார்க்கலாம். முதல் சில நாள் புதுச் சத்தம் நன்றாகவே இருக்கும். பிறகு பழைய குறை தலைகாட்டும். பாட்டு கத்தும், ஆனால் அடி இருக்காது. அடி வேண்டுமென்று பேஸைக் கூட்டினால் மறுபடியும் கரகரப்பு.

ஸ்பீக்கர் தானாகக் கிழிவதில்லை. அதைக் கிழித்த காரணம் காரிலேயே இருக்கும்வரை அடுத்து வருவதற்கும் அதே கதிதான். பேஸும் அப்படித்தான். ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது மாட்டப்பட்டிருக்கும் கதவு ஓட்டையாக இருந்தால் பேஸ் உங்கள் காதுக்கு வந்து சேராது. அதனால் இந்த அத்தியாயத்தில் ஸ்பீக்கரைவிடக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். வாங்க நினைத்திருக்கும் ஜோடியைவிட ஒரு படி குறைந்த விலையில் வாங்கி, மிச்சப் பணத்தைக் கதவுக்குச் செலவிடுங்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

போனது ஸ்பீக்கர்தானா?

கரகரப்பு கேட்டதும் ஸ்பீக்கர்மேல் பழி போட்டுவிடக் கூடாது. வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். நன்றாகப் பழகிய ஒரு பாட்டை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, செட்டில் உள்ள பேலன்ஸ், ஃபேடர் இரண்டையும் திருப்பி ஒவ்வொரு மூலையையும் தனியாகக் கேளுங்கள். எந்தக் கதவு என்று தெரிந்ததும் அந்த டோர் பேடை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றுவிட்டால் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது கதவின் பையில் கிடக்கும் சாவியோ சில்லறையோ ஆடுகிறது என்று பொருள். டிக்கிப் பக்கம் சத்தம் வந்தால் நம்பர் பிளேட்டையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஆணி தளர்ந்த நம்பர் பிளேட் பேஸ் அடிக்கும்போது கிழிந்த ஸ்பீக்கர் போலவே ஒலிக்கும்.

சத்தம் விட்டுவிட்டு வந்தால் ஒயரைச் சந்தேகியுங்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் ஒயர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அவை மடங்குகின்றன. டிரைவர் கதவுதான் அதிகம் திறக்கப்படுவதால் அங்கேதான் முதலில் உள்ளுக்குள் செம்பு அறும். பாட்டு ஓடும்போது கதவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். அசைவுக்கு ஏற்றபடி சத்தம் போய்ப் போய் வந்தால் குறை அங்கேதான். ஸ்பீக்கர் மாற்றும் செலவு மிச்சம்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகு இரண்டு சோதனைகள் போதும். நான்கு விரல்களையும் கோனின்மேல் சுற்றிலும் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பினால் நல்லது. மணல் உரசுவது போல் சொரசொரப்பு தெரிந்தால் காயில் காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. அடுத்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 4 காட்டவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அது இயல்புதான். எண்ணே வராவிட்டால் காயில் அறுந்துவிட்டது. 1 ஓமுக்கும் கீழே இறங்கினால் காயில் வெந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அதை மறுபடியும் செட்டில் இணைத்துப் பார்க்காதீர்கள், செட்டும் சேர்ந்து போய்விடும். இந்த அளவைக் குறித்து வைத்துக்கொள்வது வாங்கும்போதும் உதவும். சில கார்களில் கம்பெனியே 2 ஓம் ஸ்பீக்கர் போட்டிருக்கும். அங்கே 4 ஓம் மாட்டினால் சத்தம் சட்டென்று குறையும். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் மாட்டினால் செட் சூடேறும்.

கோனைச் சுற்றியுள்ள ரப்பரோ பஞ்சோ மட்டும் கிழிந்து, காயில் நன்றாக இருந்தால் ரீகோன் செய்யலாமே என்று தோன்றும். மைக் செட் தொழில் வேரூன்றிய நம் ஊர்களில் ஸ்பீக்கருக்குக் காயில் சுற்றி, கோன் ஒட்டித் தரும் கை தேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 10 அல்லது 12 அங்குல வூஃபர் வைத்திருந்தால் அவர்களிடம் கொண்டுபோங்கள். காந்தமும் சட்டமும் அப்படியே இருக்கும்போது அதைத் தூக்கிப்போடுவது வீண். கம்பெனி போட்டுக்கொடுத்த 6 அங்குலக் கதவு ஸ்பீக்கருக்கு மட்டும் அந்த உழைப்பு கட்டுப்படியாகாது.

எது கிழித்தது?

முதல் காரணம் சூடு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். செட்டின் முகப்பில் 4 × 50 வாட் என்று போட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரண செட்டுக்குள் இருக்கும் ஆம்ப் சிப் அதைக் கூட்டித் தராது. இருப்பதை வைத்தே ஸ்பீக்கரை ஆட்டுகிறது. 4 ஓம் ஸ்பீக்கரில் அந்த 14.4 வோல்ட் சுத்தமான அலையாகப் போனால் கணக்குப்படி 26 வாட் வரும். இழப்புகள் போக 20 வாட் அளவுக்குத்தான் கையில் நிற்கும். பிறகு 50 எங்கிருந்து வந்தது? ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அலையின் உச்சிக்கு வோல்ட் போதாமல் தலையும் காலும் வெட்டுப்படும். முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையில் அதே 14.4 வோல்ட் 52 வாட்டைத் தரும். அந்த 50 வாட் கேட்கத் தகாத, முழுக்கச் சிதைந்த சத்தத்தின் வாட்.

இதில் ஸ்பீக்கருக்கு என்ன கேடு? சுத்தமான அலையில் 20 வாட் வாங்கிக்கொண்டிருந்த காயில், வெட்டுப்பட்ட அலையில் அதைப் போல் இரு மடங்கு வரை வாங்குகிறது. தலைமுடிபோல் மெல்லிய செம்பு அது. கொஞ்ச நேரத்திலேயே பசை இளகி, சுற்று நெகிழ்ந்து, இடுக்கில் உரசத் தொடங்கும். அதனால்தான் குறைந்த சக்தி உள்ள செட்டை முழு வால்யூமில் வைத்து ஓட்டுபவர்களின் ஸ்பீக்கர்கள், நல்ல ஆம்ப் வைத்து நிதானமாகக் கேட்பவர்களின் ஸ்பீக்கர்களைவிட முன்னால் போகின்றன.

இரண்டாவது, இழுவை. ஒரே அளவு சத்தத்தை 80 ஹெர்ட்ஸில் எழுப்ப கோன் எவ்வளவு தூரம் ஆடுகிறதோ, 40 ஹெர்ட்ஸில் அதுபோல் நான்கு மடங்கு ஆட வேண்டும். கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் சில மில்லிமீட்டருக்கு மேல் ஆட முடியாதது. பேஸை முழுதும் ஏற்றி, அதன்மேல் லவுட்னஸையும் போட்டால் காயில் போய்க் காந்தத்தின் அடித்தட்டில் இடிக்கும். ‘டக் டக்’ என்று கட்டையில் தட்டுவது போன்ற ஓசை வந்தால் அது இதுதான். கேட்ட நொடியே குறைத்துவிடுங்கள்.

மூன்றாவது நம் ஊர் வெயிலும் மழையும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடக்கூடியது. பஞ்சு விளிம்பு கொண்ட ஸ்பீக்கர்கள் இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் பொடிந்து உதிரும். மழைத் தண்ணீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்குவது எல்லாக் கார்களிலும் நடப்பதே. கதவு அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் ஸ்பீக்கர்மேல் வழியாமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை யாராவது கிழித்திருந்தால் காகிதக் கோன் ஊறி உப்பிவிடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கதவு மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற கார்களை வாங்க நினைப்பவர்கள் முன்கதவு ஸ்பீக்கரைக் கழற்றி அதன் காந்தத்தில் துரு, சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்த இடத்தை யாரும் துடைப்பதில்லை.

வாங்கும்போது

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 300 வாட், 400 வாட் எண்ணைப் பார்க்காமல், சிறிய எழுத்தில் ஆர்எம்எஸ் அல்லது நாமினல் என்று இருக்கும் எண்ணைத் தேடுங்கள். அதையும்விட முக்கியமானது சென்சிட்டிவிட்டி. ஆம்ப் இல்லாமல் செட்டிலிருந்தே ஓட்டப்போகிறீர்கள் என்றால் 90 டெசிபெல்லோ அதற்கு மேலோ உள்ளதை எடுங்கள். 3 டெசிபெல் வித்தியாசம் என்பது ஆம்ப் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 87 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 40 வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தந்துவிடும்.

நம் தட்பவெப்பத்துக்கு பாலிப்ரோப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ளதுதான் தாங்கும். மேல்பூச்சுப் பூசிய காகிதக் கோனும் பரவாயில்லை, குரல் அதில் இயல்பாக இருக்கும். கோஆக்சியலா, கம்போனென்ட்டா என்ற கேள்விக்கு: கதவில் ட்வீட்டருக்குத் தனி இடம் இருந்து, கிராஸ்ஓவர் பெட்டியை ஒழுங்காகப் பொருத்த ஆள் கிடைத்தால் கம்போனென்ட். இல்லாவிட்டால் நல்ல கோஆக்சியல் போதும். பேஸைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆழத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். புது ஸ்பீக்கரின் காந்தம் அதைவிடக் கட்டையாக இருக்க வேண்டும். போதவில்லை என்றால் நடுவே ஸ்பேசர் ரிங் வைக்கலாம். எம்டிஎஃப் பலகையில் வெட்டிய ரிங் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மழைக்காலத்தில் ஊறி உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் ரிங் வாங்குங்கள், அல்லது மரைன் பிளை வெட்டி எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துப் போடுங்கள்.

பணம் ஒரு ஜோடிக்குத்தான் இருக்கிறதென்றால் முன்கதவுக்குப் போடுங்கள். பின்னால் பார்சல் ட்ரேயில் 6×9 ஓவல் வைப்பது நம்மிடம் பல வருடப் பழக்கம். டிக்கி தனியாக உள்ள செடானில் அதற்கு நியாயம் உண்டு. அங்கே ட்ரேக்குக் கீழே முழு டிக்கியும் ஒரு மூடிய பெட்டியாக வேலை செய்கிறது. உண்மையாகவே பேஸ் வரும். ஹேட்ச்பேக்கில் கதை வேறு. அந்த ட்ரே மெல்லியது, சுற்றிலும் இடைவெளி, வெறும் கொக்கியில் உட்கார்ந்திருப்பது. சத்தம் வரும், பேஸ் வராது, ட்ரே அதிரும். இரண்டு கனமான காந்தங்கள் பொருத்திய ட்ரே சடன் பிரேக்கில் பின்சீட்டில் இருப்பவர்கள் தலைக்குப் பின்னால் பாயவும் கூடும். குழந்தைகள் பின்னால் உட்காரும் ஹேட்ச்பேக்கில் இதை வேண்டாம் என்றே சொல்வேன்.

பேஸ் எங்கே போகிறது?

புது ஸ்பீக்கரை மாட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதை ஒயரில் இணைத்து, கையில் பிடித்துக்கொண்டு மெல்லிய சத்தத்தில் பாட்டு போடுங்கள். குரல் கேட்கும், தபேலாவின் வலது பக்கம் கேட்கும். இடது பக்கம் காணாமல் போயிருக்கும். இப்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் பக்கத்தில் ஸ்பீக்கர் அளவுக்கு ஓட்டை வெட்டி, அதில் ஸ்பீக்கரை இறுக அழுத்திப் பிடியுங்கள். அதே ஸ்பீக்கர், அதே வால்யூம், ஆனால் பேஸ் வந்துவிடும்.

நடப்பது இதுதான். கோன் முன்னால் வரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது, அதே கணம் பின்புறக் காற்று தளர்கிறது. இரண்டும் சுற்றிவந்து சந்தித்துக்கொண்டால் ஒன்றையொன்று அழித்துவிடும். 3000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். அது நேராகப் பாய்ந்துவிடும், பின்புற அலையால் பெரிய பாதிப்பு இல்லை. 50 ஹெர்ட்ஸின் அலைநீளமோ 7 மீட்டருக்கு நெருக்கம். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் அகல ஸ்பீக்கரின் முன்புறமும் பின்புறமும் ஒரே இடம் மாதிரிதான். முன்னையும் பின்னையும் பிரிக்கச் சுவர் ஒன்று இருந்தால் மட்டுமே பேஸ் பிழைக்கும். காரில் அந்தச் சுவர் கதவின் உள்தகடு. அந்தத் தகட்டில் கண்ணாடி மெக்கானிசம் மாட்டுவதற்காக உள்ளங்கை அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் ஓட்டைகள் விட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை மட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். பேஸ் அந்த வழியாகத்தான் அழிகிறது.

கதவுக்குப் போகும் முன், காசே செலவாகாத ஒன்றைச் சரிபாருங்கள். ஒரு பக்க ஸ்பீக்கருக்கு பிளஸ்ஸும் மைனஸும் மாறி இணைந்திருந்தால், இடது கோன் முன்னே வரும்போது வலது கோன் பின்னே போகும்; இரண்டின் பேஸும் காருக்குள்ளேயே கழிந்துபோகும். சாலையோர வேலைகளில் இது அடிக்கடி காணும் பிழை. கண்டுபிடிப்பது எளிது. பேஸ் நன்றாக உள்ள பாட்டைப் போட்டு, பேலன்ஸை நடுவிலிருந்து ஒரே பக்கமாகத் திருப்புங்கள். ஒரு ஸ்பீக்கரை நிறுத்தியதும் பேஸ் கூடினால் ஒயர் மாறியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய, ஒவ்வொரு ஸ்பீக்கரின் கப்ளரையும் கழற்றி ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும்.

கதவு வேலை

இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். 10 எண் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். சில புதிய கார்களின் கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருப்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுங்கள். டோர் பேடின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் கைப்பிடிக் குழியிலும், உள்லாக் கைப்பிடியின் பின்னாலும் ஒரு சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, அடி ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்டும் போகும், பேடும் கீறும். சில கிளிப்புகள் உடையத்தான் செய்யும். அந்தக் காருக்குரிய கிளிப் ஒரு பொட்டலம் முன்பே வாங்கி வைத்திருங்கள். உடைந்த கிளிப்போடு மூடிய பேட்தான் பிறகு அதிர்ந்து உயிரை எடுக்கும். பவர் விண்டோ கப்ளரைக் கழற்றாமல் பேடை இழுத்துவிடாதீர்கள்.

பழைய ஸ்பீக்கர் ஸ்க்ரூவில் இருந்தால் சுலபம். ரிவெட்டில் இருந்தால் ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் செய்து எடுங்கள். அந்தத் தூள் முழுவதையும் காந்தத்தாலோ வாக்குவத்தாலோ எடுத்துவிடுங்கள். கதவுக்குள் தங்கும் இரும்புத் தூள் துருப்பிடிக்கும், புது ஸ்பீக்கரின் இடுக்கில் ஒட்டிக்கொண்டால் அதையும் கெடுக்கும். கம்பெனி ஒயரை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உங்கள் காருக்கான கப்ளர் ஜோடி கடையில் கிடைக்கும். அதில் ஒயரைச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி, பழைய கப்ளரில் சொருகிவிடுங்கள். வண்டி வாரன்டியில் இருந்தால் இதுவே உங்களுக்குக் கவசம், விற்கும்போது பழையதைத் திரும்ப மாட்டவும் வசதி.

இனி மூடும் வேலை. கடைகளில் டேம்பிங் ஷீட் என்று இரண்டு வகை கிடைக்கும். தார் கலந்தது மலிவு. வெயிலில் இளகி வழியும், காருக்குள் தார் வாசனை தங்கிவிடும். அலுமினியத் தாள் முதுகு கொண்ட பியூட்டைல் ஷீட்டை மட்டும் வாங்குங்கள். முதலில் வெளித்தகட்டின் உட்பக்கம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒரு துண்டு. தின்னரில் தோய்த்த துணியால் தூசியையும் மெழுகையும் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்காமல் கையால் ஒட்டியது ஒரு கோடையில் கழன்று கண்ணாடி மேல் விழும். வெளித்தகடு முழுவதையும் மூட வேண்டிய தேவை இல்லை. கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே தகட்டின் அதிர்வு பெருமளவு அடங்கும். கதவை விரலால் தட்டிப் பாருங்கள், ‘டிங்’ என்பது ‘தொப்’ என்று மாறியிருந்தால் போதும்.

அடுத்ததுதான் பேஸைக் கொண்டுவரும் வேலை: உள்தகட்டின் ஓட்டைகளை அடைப்பது. சின்ன ஓட்டைகளுக்கு ஷீட்டே போதும். பெரிய ஓட்டையின்மேல் வெறும் ஷீட்டை ஒட்டினால் அது பறைத் தோல் போல அதிரும். அடைத்தும் அடைக்காததுபோல் ஆகிவிடும். அதற்கு மெல்லிய அலுமினியத் தகடோ ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ வெட்டி, ஸ்க்ரூவால் பிடித்து, அதன்மேல் ஷீட்டை ஒட்டுங்கள். நாளைக்குக் கண்ணாடி மோட்டார் பழுதானால் மெக்கானிக் அந்த வழியாகத்தான் கையை விட வேண்டும், கழற்றக்கூடியபடி செய்யுங்கள். லாக் கம்பிகள் ஓடும் இடத்தில் உரசாமல் பாருங்கள். பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டால் ஷீட் அதன் இடத்தைப் பிடித்துத் தண்ணீரையும் தடுக்க வேண்டும். ஒரு விரல் இடைவெளிகூட விடக் கூடாது. கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மட்டும் தொடவே தொடாதீர்கள். அவை அடைந்தால் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே மெத்தைப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டி, பிறகு ஸ்க்ரூ முடுக்குங்கள். ஸ்பீக்கரின் முன்விளிம்பிலும் இன்னொரு பட்டை தேவை. டோர் பேட் மூடும்போது அதன் கிரில் வரைக்கும் அந்தப் பட்டை தொட வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சத்தம் பேடுக்குப் பின்னாலேயே சுழன்று அதை அதிரவைக்கும். ஒரு கதவை முடித்துவிட்டு, இன்னொன்றைத் தொடும் முன் பேலன்ஸைத் திருப்பி இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். செய்த பக்கத்துக்கும் செய்யாத பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டவர்கள் இந்த வேலையைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

செட்டைச் சரிசெய்வது

செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். எச்பிஎஃப் என்று மெனுவில் இருக்கும். வூஃபர் இல்லாத காரில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் வையுங்கள், வூஃபர் உள்ள காரில் 80. கதவு ஸ்பீக்கரால் எழுப்ப முடியாத தாழ்ந்த ஒலி அதற்குப் போகாமல் நின்றுவிடும். மேலே சொன்ன ‘டக் டக்’ நின்று, அதே ஸ்பீக்கர் இன்னும் ஒரு பங்கு கூடுதல் சத்தத்தைத் தெளிவாகத் தாங்கும். பேஸைக் குறைக்கும் பொத்தானால் பேஸ் நன்றாகக் கேட்கிறது என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும், செய்து பாருங்கள். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபெல் ஏற்றுவது அந்த இடத்தில் ஆம்பிடம் நான்கு மடங்கு வாட் கேட்பதாகும். 20 வாட் செட்டில் அது இல்லை. ஏற்றுவதற்குப் பதில் காதில் குத்தும் பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள், பேஸ் தானாக மேலே வரும்.

சரியாக வந்திருக்கிறதா என்று அறிய, எண்பதுகளின் இளையராஜா பாட்டு எதையாவது போடுங்கள். அவற்றில் பேஸ் கிட்டார் தாளத்துக்கு ஒத்து ஊதாமல் தனக்கென்று ஒரு மெட்டோடு நடக்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக ஏறி இறங்குவது கேட்டால் உங்கள் கதவுகள் நன்றாக அமைந்திருக்கின்றன. எல்லாம் ஒரே ‘தும் தும்’ என்று கேட்டால் அதிர்வதை இன்னும் தேட வேண்டும்.

வூஃபர் வேண்டுமா?

கதவு வேலை முடித்துச் சில நாள் ஓட்டிய பிறகு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மெல்லிசை கேட்பவர்களில் பலருக்கு அங்கேயே மனம் நிறைந்துவிடும். தாரை தப்பட்டையும் குத்துப்பாட்டும் நெஞ்சில் அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு வூஃபர் அவசியம்தான்.

டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கும் காருக்கும், ஊருக்குப் போகும்போது மூட்டை முடிச்சு ஏற்றும் குடும்பத்துக்கும் சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான வூஃபர் நல்லது. ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கும். வாங்கும் முன் சீட்டைக் கடைசிவரை இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, அடியில் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். அது பூமியை அதிரவைக்காது, விட்டுப்போன அடியை நிரப்பும்; சின்னக் காருக்கு அது போதும்.

டிக்கியில் பெட்டி வைப்பதென்றால் ஓட்டை வைத்த பெட்டி அதிகம் முழங்கும், முழுக்க மூடிய பெட்டி துல்லியமாக அடிக்கும். சின்னக் காருக்கு மூடிய பெட்டியையே பரிந்துரைப்பேன். அலையின் பாதி நீளம் காரின் உள்நீளத்தைத் தாண்டும்போது, மூடிய அறையே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். இரண்டரை மீட்டர் உள்நீளம் உள்ள காரில் இது 70 ஹெர்ட்ஸுக்கு அருகில் ஆரம்பிக்கும். மூடிய பெட்டி எங்கே தளர்கிறதோ அங்கே கார் கைகொடுக்கிறது. கண்ணாடியை இறக்கியதும் பேஸ் காணாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

ஆம்ப் ஒயரிங்கில் சிக்கனம் பார்த்தால் கார் தீப்பிடிக்கும். இதை மிகையாகச் சொல்லவில்லை. 300 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் முழுச் சுமையில் 27 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரியிலிருந்து நேராக 10 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட வேண்டும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 30 ஆம்பியர் ஃப்யூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் பக்கத் தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் இல்லாமல் ஒயரை விடாதீர்கள். தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டால், ஃப்யூஸ் இல்லாத ஒயர் அங்கேயே பற்றும். கிட் என்று விற்கும் மலிவு ஒயர்கள் பல அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்; அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எர்த்தை டிக்கியிலேயே பெயின்ட் சுரண்டிய தகட்டில் குட்டையாகக் கொடுங்கள். ஆர்சிஏ ஒயரைப் பவர் ஒயர் போகாத எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனால் எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் விசில் சத்தம் பெரும்பாலும் வராது.

ஆம்பில் இருக்கும் கெயின் திருகு வால்யூம் போலப் பயன்படுத்த வேண்டியதல்ல. வூஃபரின் ஒயரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, செட்டின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடியுங்கள். வூஃபரின் ஆர்எம்எஸ் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும். 200 வாட், 4 ஓம் என்றால் 28 வோல்ட். மீட்டர் அதைத் தொடும்வரை கெயினை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். வூஃபரின் லோ பாஸ் 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும். வூஃபரை மறுபடி இணைத்த பிறகு அதன் ஃபேஸ் பொத்தானை இரு நிலையிலும் போட்டுப் பார்த்து, டிரைவர் சீட்டில் பேஸ் கூடுதலாகக் கேட்கும் நிலையில் விடுங்கள்.

எல்லாம் மூடியதும் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பர்மேல் இரண்டு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கதவின் அடி ஓட்டைகள் வழியாக அது வடிய வேண்டும். உள்ளே டோர் பேடின் அடியும் மேட்டும் உலர்ந்திருக்க வேண்டும். மேட் நனைந்தால் பேடைத் திரும்பக் கழற்றி, ஷீட் எங்கே தூக்கியிருக்கிறது என்று தேடி அழுத்திவிட்டு, மறுபடியும் ஊற்றிப் பாருங்கள்.